லொக்ரோனானின் பெரிய ட்ரோமெனி: புனித ரோனான் வலத்துக்கு ஒரு மதிப்புரை

பிரான்சின் மேற்கு நுனி பிரெட்டனி. அதற்குள்ளும் மேற்கே தள்ளி, ஃபினிஸ்தேர் மாவட்டத்தில், ஏறத்தாழ 800 பேர் குடியிருக்கும் ஊர் லொக்ரோனான். கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். வருகிறவர்கள் சதுக்கத்தின் கருங்கல் வீடுகளைப் படம் பிடித்து, வெண்ணெய் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போய்வந்தால் ஊருக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தரலாம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் வரும் பெரிய ட்ரோமெனி என்ற புனித வலத்தில், 12 கிலோமீட்டரும் நடந்து முடித்தவருக்கு அதே ஊர் ஐந்துக்கு ஐந்து. இடைப்பட்ட வேறுபாடு முழுவதும் ஒரு வழித்தடத்தில் இருக்கிறது. இந்த மதிப்புரையும் அந்தத் தடத்துக்குத்தான்.

பிரெட்டன் மொழியில் 'த்ரோ' என்றால் சுற்று. 'மினிஹி' என்பது துறவிக்கு உரிய நிலம். அதன் எல்லைக்குள் புகுந்துவிட்டவரைத் துரத்தி வந்தவர்கள் பிடிக்க முடியாது. அடைக்கல நிலம் அது. த்ரோ மினிஹி என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து தேய்ந்ததுதான் ட்ரோமெனி. ஆக, இது ஒரு மலைக்கோ கோவிலுக்கோ போய்ச் சேரும் யாத்திரை இல்லை. புனிதரின் நிலத்தை அதன் எல்லை ஓரமாகவே சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வலம். சூரியன் போகும் திசையில், நிலம் எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படி நடக்கிறார்கள். எதிர்த்திசையில் யாரும் நடப்பதில்லை, நீங்களும் நடக்காதீர்கள்.

நாள் கணக்கு இப்படி: பெரிய ட்ரோமெனி ஜூலையின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி மூன்றாம் ஞாயிறு முடிகிறது. 2013, 2019, 2025 என்று வந்தது. அடுத்தது 2031, வழக்கப்படி கணக்கிட்டால் ஜூலை 13 முதல் 20 வரை. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் ஜூலை இரண்டாம் ஞாயிறு சின்ன ட்ரோமெனி உண்டு. அது சுமார் 6 கிலோமீட்டர். முதல் தடவை போகிறவர்கள் சின்னதை ஒத்திகையாக எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் சின்னதைப் பார்த்துவிட்டுப் பெரியதைப் பார்த்ததாக நினைக்க வேண்டாம். புனிதர் சிலைகள் வைத்த வழியோரத் தழைக்குடில்களின் நீண்ட வரிசையும், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் வயல் பாதையும் பெரியதில்தான்.

யார் இந்த ரோனான்? அவருடைய வாழ்வைச் சொல்லும் லத்தீன் நூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரபோ அவரை 6ஆம் நூற்றாண்டில் வைக்கிறது. நடுவில் எழுநூறு ஆண்டு இடைவெளி. ஆகவே தேதி சொல்லி நிறுவக்கூடிய வரலாறு இது இல்லை. இருந்தும் கதையின் எலும்பு உறுதியானது, அதை அறிந்துகொண்டு நடப்பவருக்குப் பாதையின் ஒவ்வொரு மேடும் பேசும். ரோனான் அயர்லாந்துக்காரர். கடல் கடந்து பிரெட்டனியின் வடமேற்கே லெயோன் பகுதியில் இறங்கினார். ப்ரெஸ்ட் அருகே உள்ள சேன்-ரெனான் ஊர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கூட்டம் சேரவே அங்கிருந்து விலகித் தெற்கே வந்து, நெவெத் காட்டில் குடிசை போட்டார். ஓநாய் கவ்விக்கொண்டு போன ஆட்டை அவர் வேண்டுதல் செய்து விடுவித்தார் என்றும், அதைப் பார்த்த குடியானவர் ஒருவர் தினமும் அவரிடம் வந்து உட்காரத் தொடங்கினார் என்றும் கதை.

அந்தக் குடியானவரின் மனைவிதான் கெபென். வீட்டு வேலையை விட்டுவிட்டுக் கணவர் காட்டில் போய் உட்காருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் சின்ன மகளை ஒரு பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, கேம்பேருக்கு ஓடி, கிராட்லோன் அரசனிடம் முறையிட்டாள்: இந்தத் துறவி இரவில் ஓநாயாக மாறுகிறான், என் பிள்ளையைத் தின்றுவிட்டான். அரசன் இரண்டு வெறிநாய்களை ரோனான் மேல் ஏவினான். அவர் சிலுவை அடையாளம் வரைந்தார். நாய்கள் அடங்கிப் படுத்தன. பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே பிள்ளை மூச்சடைத்து இறந்து கிடந்தது. அவர் வேண்ட, உயிர் வந்தது. ஆனாலும் கெபெனின் பகை தீரவில்லை. ரோனான் ஊரை விட்டு வடகிழக்கே ஹிலியோன் பக்கம் போய், அங்கேயே இறந்தார். உடலை யார் கொண்டுபோவது என்று ரென், வான், கோர்நுவாய் ஆகிய மூன்று நாட்டுப் பிரபுக்களும் சண்டையிட்டார்கள். பழக்கப்படாத இரண்டு எருதுகளை வண்டியில் பூட்டி, உடலை அதில் ஏற்றி, எருது போகும் இடமே புனிதரின் இடம் என்று முடிவு செய்தார்கள். எருதுகள் நெவெத் காட்டுக்குத் திரும்பின. அவை நடந்த தடமும், ரோனான் உயிரோடு இருந்தபோது பட்டினியாக, வெறுங்காலோடு தினமும் நடந்த தடமும்தான் இன்றைய ட்ரோமெனி என்பது ஊர் நம்பிக்கை.

கெபென் பகுதியைக் குழந்தைகளுக்குச் சொல்லும் வில்லி கதையாகச் சுருக்கிவிடுகிறார்கள் பல வழிகாட்டிகள். அது வருத்தம் தருகிறது. கணவர் துறவியின் பின்னால் போக, உழவும் அடுப்பும் தன் தலையில் விழுந்த ஒரு பெண்ணின் கோபம் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. தண்டனையோடு சேர்த்து அந்தக் கோபத்தையும் ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. பாதையில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு; அதைப் பின்னால் சொல்கிறோம்.

போய்ச்சேருவது எளிது. பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கேம்பேருக்கு நேரடி அதிவேக ரயில், மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கேம்பேரிலிருந்து குரோசோன் தீபகற்பம் போகும் பேருந்து லொக்ரோனானில் நிற்கும்; சுமார் 17 கிலோமீட்டர். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ட்ரோமெனி தொடங்குவதும் முடிவதும் ஞாயிறு. ஞாயிறன்று பேருந்து குறைவு. ஊர்வலம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடி மாலையில்தான் முடியும். திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்க்காமல் போனால் கடைசி இரண்டு நிலைகளை, அதாவது பவனி நின்று வேண்டும் இடங்களை, விட்டுவிட்டு ஓட வேண்டிவரும். ஒன்று, ஊரிலோ 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள துவார்நெனேயிலோ இரவு தங்குங்கள். அல்லது காரில் போங்கள். ஊர் நடுவே கார் விடமாட்டார்கள். வெளியே கட்டண நிறுத்தம் இருக்கிறது. பெரிய ட்ரோமெனி ஆண்டில் அறை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை சிலதான், ஆனால் ஒவ்வொன்றும் காரணத்தோடு. கணுக்கால் மூடும், நீர் புகாத காலணி. தடத்தின் முதல் பாதி தாழ்ந்த, ஈரமான நிலம். ஜூலையிலும் மழை பெய்தால் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து அது சேறாகிவிடும். மெல்லிய அடியுள்ள ஓட்டக் காலணி அங்கே வழுக்கும், செருப்போ சேற்றோடு போய்விடும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. ஈரக் காலுறையோடு மேடு ஏறினால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். தண்ணீர் ஒன்றரை லிட்டர். கடல் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது, மேட்டில் ஏறும்போதுதான் தெரியும். தொப்பியும் மழைச்சட்டையும் இரண்டுமே. ஒரே மதியத்தில் இரண்டும் தேவைப்படலாம். அப்புறம், சில்லறை. இதை யாரும் சொல்வதில்லை. 44 குடில்களிலும் காணிக்கைத் தட்டு இருக்கும். குடிலுக்கு 50 சென்ட் என்றாலும் 22 யூரோ சில்லறை வேண்டும். 20 சென்ட் என்றால் 8.80 யூரோ. போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் பத்தாவது குடிலுக்கு மேல், காசு இல்லாமல் கடந்துபோவது மனதை உறுத்தும்.

கைவண்டியில் வைத்துத் தள்ளும் குழந்தைக்கும், சக்கர நாற்காலிக்கும் இந்தத் தடம் ஒத்துவராது. வயல் வரப்பு, வேர் நிறைந்த காட்டுப் பாதை, செங்குத்தான ஏற்றம் மூன்றும் வரும். அப்படிப்பட்டவர்கள் காலைத் திருப்பலிக்கும் கொடிகள் புறப்படும் நேரத்துக்கும் சதுக்கத்தில் இருந்தாலே பாதி நிறைவு.

அந்தப் புறப்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலையில் பாடல் திருப்பலி, மதியத்துக்குப் பிறகு பவனி. முன்னால் முரசு. பிறகு சிலுவைகள், பிறகு பங்குகளின், அதாவது ஆலய வட்டாரங்களின், கொடிகள். கொடி என்றால் கையில் ஆட்டும் துணி இல்லை: வெல்வெட்டில் தங்க நூல் வேலைப்பாடு, நடுவில் புனிதர் உருவம், உயரமான மரக்கம்பம். கம்பத்தின் அடியைத் தோல் வாரில் பொருத்தி, ஒருவர் இடுப்பில் தாங்குகிறார். இரண்டு பேர் கயிறு பிடித்துச் சமன் செய்கிறார்கள். சதுக்கத்தில் இது கம்பீரமாக இருக்கும். மேட்டில் காற்று பிடிக்கும்போது கம்பம் தாங்குபவரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எவ்வளவு கனம் என்பது புரியும். அக்கம்பக்கத்துப் பங்குகளான கெர்லாஸ், ப்ளோநெவே-போர்சே, கெமெனெவென், ப்ளொகொனெக் மக்கள் தங்கள் சிலுவையோடும் கொடியோடும் வருகிறார்கள். இரண்டு பங்கின் கொடிகள் சந்திக்கும்போது, இரண்டையும் சாய்த்து, ஒன்றன் முகத்தை இன்னொன்றில் தொடவைப்பார்கள். கொடிகள் முத்தமிடுகின்றன என்பார்கள். அந்த நொடியில் கூட்டம் முழுதும் பேச்சை நிறுத்துகிறது. புனிதரின் அருளிக்கமும் (உடல் எச்சம்), ரோனானுடையது என்று போற்றப்படும் பழைய கைமணியும் பவனியில் போகின்றன.

பாடல்கள் பிரெட்டனிலும் பிரெஞ்சிலும். மொழி தெரியாவிட்டாலும் பல்லவி மூன்றாவது தடவை வரும்போது வாயில் வந்துவிடும். பாட்டுத் தாள் கிடைத்தால் வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டருக்கு அதுதான் துணை.

இப்போது குடில்கள். இந்தத் திருவிழாவின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. 12 நிலைகளுக்கு இடையே, வழி ஓரமாக, மரச்சட்டத்தின்மேல் தழையும் பெரணியும் வேய்ந்து, உள்ளே வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, நடுவில் ஒரு புனிதரின் சிலையை நிறுத்துகிறார்கள். ஆள் ஒருவர் குனிந்து நிற்கும் அளவு உயரம். சிலைகள் சுற்றுவட்டாரச் சிற்றாலயங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் இந்த எட்டு நாளுக்கென்று வெளியே வருகின்றன. வண்ணம் உரிந்த மரச்சிலை, மூக்கு தேய்ந்த கற்சிலை, புதிதாக வண்ணம் பூசிய சிலை என்று கலந்து இருக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் குடிலுக்குப் பொறுப்பானவர். பவனி நெருங்கும்போது சிறு மணி ஒலிக்கிறது. பல குடில்களை வழிவழியாக ஒரே குடும்பம் கவனிக்கிறது. அந்த இடத்தில் அந்தப் புனிதர்தான், மாற்றமாட்டார்கள். பெரணி வெட்டி வேய்ந்த முதல் நாள் பச்சை வாசம் தூக்கும். எட்டாம் நாள் அதே தழை பழுப்பேறிச் சுருண்டிருக்கும். இரண்டு ஞாயிறும் வரமுடிந்தவர்கள் அந்த இரண்டு வாசத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தப் புனிதர்களில் பலரை பிரெட்டனிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கெனோலே, மிலியோ, தெலோ என்று வரும் பெயர்கள், 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வேல்ஸ், கோர்ன்வால், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நினைவைச் சுமப்பவை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு: ஒருவர் காய்ச்சலுக்கு, ஒருவர் கால்நடைக்கு. நீர்க்கோவைக்கு வேண்டிக்கொள்ளும் புனித எத்ரோப்புக்கு ஊரின் கீழே நற்செய்தி அன்னை ஆலயத்தருகே ஒரு நீரூற்றே இருக்கிறது. குடிலில் இருப்பவரிடம் 'இவர் யார்?' என்று கேளுங்கள். விற்பனைப் பேச்சு இருக்காது, அவசரப்படுத்தமாட்டார். நமக்குக் கிடைக்கும் சிறந்த வழிகாட்டிச் சேவை இது, கட்டணமும் இல்லை. குறை என்றால் மொழி ஒன்றுதான். தகவல் பலகைகள் இருக்கும் இடங்களிலும் பிரெஞ்சும் பிரெட்டனும்தான். புனிதர் பெயர்களையாவது முன்கூட்டியே எழுதிக்கொண்டு போவது நல்லது.

12 நிலைகளிலும் சிலுவையும் பீடமும் இருக்கும். ஒவ்வொன்றிலும் பவனி நின்று, நற்செய்திப் பகுதி ஒன்று வாசித்து, வேண்டுதல் சொல்லிவிட்டு நகரும். வாசகம் நிலைக்கு நிலை வேறு. பின்வரிசையில் நடப்பவருக்கு இதெல்லாம் காதில் விழாது, இது உண்மையான குறை. ஒற்றையடிப் பாதையில் கூட்டம் நூலாக நீண்டுவிடுவதால், முன்னால் வாசகம் முடியும்போதுதான் பின்னால் இருப்பவர் நிலைக்கு வந்து சேருவார். வாசகம் கேட்க வேண்டுமென்றால் சிலுவைக்கும் கொடிக்கும் அடுத்த ஐம்பது பேருக்குள் இருந்துகொள்ளுங்கள். குடில்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் கடைசியில் நடங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

தடத்தில் கணிசமான பகுதி தனியார் வயல். மற்ற நாட்களில் அங்கே கால் வைக்க முடியாது. இந்த எட்டு நாளுக்காக உழவர்கள் வழி விடுகிறார்கள். ஆகவே விளைச்சலுக்குள் குறுக்கே நடப்பது, வேலியைத் திறந்துவிட்டுப் போவது இரண்டும் இந்த வலத்துக்கே செய்யும் துரோகம். வழியை ஒரு அடியும் விலகாமல் நடப்பதே பழைய ஒழுங்கு. பாதை சேறாக இருந்தாலும் சேற்றில்தான் போக வேண்டும், பக்கத்து மேட்டில் இல்லை.

தாழ்நிலம் முடிந்து ஏற்றம் தொடங்கும்போது பாதிக்கு மேல் நடந்திருப்பீர்கள். கால் ஏற்கெனவே களைத்திருக்கும். அதனால்தான் இந்த ஏற்றம் அளவை மீறிக் கடினமாகத் தெரிகிறது. உச்சி 289 மீட்டர்தான். எண்ணாகப் பார்த்தால் சின்னது. சேறு அப்பிய காலணியோடு, வெயிலில், கொடி தாங்கியவர் பின்னால் ஏறிப் பார்த்தால் வேறு. ஏற்றத்துக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து, காலுறை மாற்றி, ஏதாவது சாப்பிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் நடு மேட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உச்சியின் பெயர் பிளாஸ் ஆர் ஹொர்ன். பத்தாவது நிலை, ரோனானுக்கே உரியது. மறையுரை இங்கேதான். கெபென் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது புனிதரின் உடலைச் சுமந்து வண்டி வந்ததாம். ஆத்திரத்தில் துவைக்கும் கட்டையால் எருதை அடித்தாள். கொம்பு உடைந்தது. உடைந்த கொம்பு இந்த உச்சியில் விழுந்தது. 'கொர்ன்' என்றால் பிரெட்டனில் கொம்பு. மூலை என்றும் பொருள் உண்டு. வலத்தின் தடம் இங்கே திரும்புகிறது என்பதைப் பார்க்கும்போது, மூலை என்ற பொருள் முதலில் இருந்து, கொம்புக் கதை பின்னால் சேர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. கதையின் அழகு அதனால் குறையவில்லை. மேற்கே துவார்நெனே விரிகுடா, வடக்கே மெனெஸ் ஹொம் மலை. மேகம் இல்லாத நாளில் இந்த ஒரு காட்சிக்காகவே ஏறலாம். நிழல் மட்டும் போதாது. கூட்டம் புல்வெளியில் பரவி உட்காரும். மறையுரை முழுக்க வெயிலிலோ காற்றிலோ இருக்க வேண்டும்.

இறக்கத்தில் கூட்டம் வேகம் பிடிக்கும். முக்கியமான இரண்டு இடங்களைத் தவறவிடுவது இங்கேதான். ஒன்று, பெரிய கருங்கல் பாறை. கல் குதிரை என்பார்கள், ரோனானின் நாற்காலி என்றும் சொல்வார்கள். அயர்லாந்திலிருந்து புனிதரைச் சுமந்து வந்தது இந்தக் கல்தான் என்று ஒரு மரபு. பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் இதில் வந்து உட்காருவது வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழக்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கல்லின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இருக்கைபோல் குழிந்திருப்பது விரலுக்குத் தெரியும். இரண்டாவது, கெபென் சிலுவை. எருதை அடித்ததோடு நில்லாமல் புனிதரைப் பழித்த கெபெனை நிலம் பிளந்து விழுங்கிய இடம். மற்ற எல்லாச் சிலுவை முன்னும் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்ளும் பிரெட்டன் கிழவிகள் இந்த ஒன்றின் முன் வரையாமல் கடந்தார்கள் என்பது மரபு. தாழ்வான, அலங்காரம் இல்லாத கற்சிலுவை. பூ இல்லை, காணிக்கைத் தட்டு இல்லை. 44 குடில்களைத் தாண்டி வந்தவருக்கு அந்த வெறுமை உறைக்கும்.

ஊருக்குள் திரும்பியதும் நேரே ஆலயத்துக்குள் போய்விடாதீர்கள். கூட்டம் அடங்க ஒரு மணி நேரமாவது விட்டு, அல்லது மறுநாள் காலையில் போங்கள். 15ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோவில். கோபுரத்தின் கூர்முனை 1808இல் இடியில் விழுந்தது, பிறகு கட்டவில்லை. அதோடு ஒட்டி நிற்கும் பெனிதி சிற்றாலயத்தில்தான் ரோனானின் கல்லறை. கெர்சான்தோன் என்ற கருஞ்சாம்பல் கல்லில் புனிதர் படுத்திருக்கிறார். ஆறு தேவதூதர்கள் மேற்பலகையைத் தாங்குகிறார்கள். காலடிப் பக்கம் குனிந்து பாருங்கள். தன் ஆயர் கோலின் நுனியை ஒரு விலங்கின் வாய்க்குள் அழுத்திவைத்திருக்கிறார். விலங்கு அதைக் கடிக்கிறது. புனிதரின் முகத்தில் மட்டும் எந்தச் சலனமும் இல்லை. பலகைக்கும் தரைக்கும் இடையே ஆள் தவழ்ந்து போகும் இடைவெளி இருக்கிறது. வாத நோய் தீர அதனடியில் நுழைந்து மறுபக்கம் வருவது பழைய வழக்கம்.

கோவிலில் தவறவிடக் கூடாத இன்னொன்று 1707இன் பிரசங்க மேடை. அதன் பக்கங்களில் வட்டச் சிற்பங்களாக ரோனானின் கதை முழுதும் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள்: ஓநாய், நாய்கள், பெட்டி, எருது வண்டி. லத்தீன் நூலைப் படிக்க முடியாதவர்களுக்கு ஊர் வைத்திருந்த புத்தகம் இது. குழந்தைகளோடு வருகிறவர்கள் நடப்பதற்கு முந்தைய நாள் இதைக் காட்டிக் கதை சொல்லிவிட்டால், மறுநாள் மேட்டில் 'கொம்பு எங்கே விழுந்தது?' என்று அவர்களே தேடுவார்கள். 1505இல் சீமாட்டி ஆன், பிரெட்டனியின் கடைசி ஆளும் சீமாட்டி, இங்கே வந்து வேண்டிக்கொண்டார். 1510இல் பிறந்த மகளுக்கு ரெனே என்று பெயரிட்டதை ரோனான் பெயரோடு இணைத்துச் சொல்கிறார்கள்.

ஊரின் செல்வம் துணியில் வந்தது. சணல் நூலில் நெய்த கப்பல் பாய்த்துணி இங்கிருந்து பல நாட்டுக் கப்பல்களுக்கும் போனது. சதுக்கத்தில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகம் இருந்த வீடு இன்றும் நிற்கிறது. புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனி. ரோனானின் ஊர்த் துணி அந்தக் கம்பெனியின் கப்பல்களில் காற்றுப் பிடித்தது என்பது தமிழ் வாசகருக்கு நின்று யோசிக்க ஒரு இடம். நெசவாளர் குடியிருந்த மோல் தெரு செங்குத்தாகக் கீழே இறங்கி, முன்பு சொன்ன நற்செய்தி அன்னை ஆலயத்தில் முடிகிறது. அங்கே ஓவியர் அல்ஃப்ரெத் மனெசியே செய்த கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன. சதுக்கத்தில் நெரிசல் தாங்காதவர்கள் இந்தத் தெருவில் இறங்கிவிடுங்கள். திரும்பி ஏறும்போது முழங்கால் வலிக்கும் என்பதால் நடைக்கு முந்தைய நாளே இதை முடித்துவிடுவது உத்தமம்.

சாப்பாட்டில் எளிய ஒழுங்கு போதும். நடைக்கு முன், கருங்கோதுமை என்று பெயர் இருந்தாலும் கோதுமை இனம் அல்லாத 'ப்ளே நுவார்' தானிய மாவில் தோசைபோல் வார்த்த கலெத். 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் பன்றி இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மூன்றும் வரும். இறைச்சி வேண்டாதவர் 'ஸான் ஜாம்போன்' என்று சொல்ல வேண்டும். வெண்ணெய் மட்டும் தடவியதும் கிடைக்கும், மொறுமொறுப்பாக. கூயின் அமான் கேக்கை நடை முடிந்த பிறகு தொடுங்கள். துவார்நெனேயில் பிறந்த இந்தப் பண்டத்தின் பழைய அளவு ரொட்டி மாவு 40, வெண்ணெய் 30, சர்க்கரை 30. நடைக்கு முன் தின்றால் முதல் மேட்டிலேயே வயிறு கனக்கும். முடிந்த பிறகு, இளஞ்சூட்டில், அடிப்பக்கச் சர்க்கரை பாகாகி ஒட்டும் நிலையில் தின்றால் அதற்கு ஈடில்லை. ஆறிப்போனதைத் தருவார்களானால் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். ஆறினால் வெண்ணெய் உறைந்து மெழுகாகிவிடும்.

இந்தத் தடம், கிறிஸ்தவத்துக்கு முன் இங்கே வாழ்ந்த கெல்ட்டு மக்களின் பழைய புனிதத் தலத்தின் எல்லை என்றும், 12 நிலைகள் அவர்களுடைய ஆண்டின் 12 மாதங்கள் என்றும் பிரெட்டன் ஆய்வாளர் தொனாசியான் லொரான் வாதிட்டார். நெவெத் என்ற காட்டின் பெயர் கெல்ட்டு மொழியில் புனிதச் சோலையைக் குறிக்கும் 'நெமெத்தோன்' என்ற சொல்லின் வழி வந்தது என்பது வலுவான சான்று. மாதக் கணக்கு கவர்ச்சியானது, ஆனால் அதைத் தாங்கப் பழைய எழுத்துச் சான்று இல்லை. வழிகாட்டிகள் இதை முடிந்த உண்மையாகச் சொல்லும்போது அந்த எச்சரிக்கையோடு கேளுங்கள்.

இரண்டு ஞாயிறா, இடைப்பட்ட வார நாளா என்ற கேள்விக்கு எங்கள் பதில் தெளிவானது. கொடியும் பாட்டும் வேண்டுமென்றால் ஞாயிறு. வலத்தின் உள்ளே போக வேண்டுமென்றால் வார நாள். குடில்கள் எட்டு நாளும் இருக்கும், பாதையும் திறந்திருக்கும். தனியாகவோ குடும்பமாகவோ எந்த நேரத்திலும் நடக்கலாம். பேசாமல் நடப்பதும், விடியுமுன் புறப்படுவதும் பழைய வழக்கம். நின்று நின்று போனாலும் நான்கு மணி நேரத்தில் முடியும். உயிரோடு இருக்கும்போது ட்ரோமெனி நடக்காதவர் இறந்த பிறகு நடந்தே ஆக வேண்டும், ஆண்டுக்கு ஒரு சவப்பெட்டி நீளம்தான் நகர முடியும் என்று ஊரில் சொல்வார்கள். பெட்டி 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 கிலோமீட்டருக்கு 6,000 ஆண்டு. அதனால்தான் வார நாட்களின் விடியற்காலையில், கையில் தடியோடு, பெரணிக் குடில் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, பையிலிருந்து ஒரு காசு எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு நகரும் எண்பது வயதுக்காரர்களைப் பார்க்கலாம். அவர்களை முந்திக்கொண்டு போகாதீர்கள். பின்னாலேயே, அவர்கள் வேகத்தில் நடங்கள். வழி தவறாது.